குற்றவுணர்வும் மீட்சியும்: ரஷ்ய நாவல், தென்காசி வழியாக – முக்கியக் குறிப்புகள்

ஒப்பிலக்கியம், மொழிபெயர்ப்பு இலக்கியம், இக்கால இலக்கியம் மூன்றுக்கும் சேர்த்து எழுதிய குறிப்புகள் இவை. ஆண்டும் பெயரும் போதும் என்பவர்கள் எண்களை மட்டும் மேய்ந்துவிட்டுப் போகலாம். விரிவான விடை எழுத உட்காரும்போது எண்கள் மட்டும் கைகொடுக்காது. அதனால் சில இடங்களில் கொஞ்சம் நின்று பேசியிருக்கிறேன்.

முதலில் இரண்டு சொற்கள்

• கழுவாய்: செய்த பழிக்குத் தேடும் பரிகாரம். கழுவு என்ற வினைக்குள் தண்ணீர் இருக்கிறது. புறநானூறு 34-ஆம் பாட்டில் (ஆலத்தூர் கிழார், கிள்ளிவளவனைப் பாடியது) இந்தச் சொல் வருகிறது. மற்ற பாவங்களுக்குக் கழுவாய் உண்டு, நன்றி கொன்றவனுக்கு இல்லை என்பது பாட்டின் கருத்து. திருக்குறள் 110-ஆம் குறளும் இதையே சொல்கிறது. இரண்டையும் இணைத்துக் கேட்க வாய்ப்பு அதிகம்.

• மீட்பு: அடகு வைத்ததைப் பணம் கட்டித் திருப்பி எடுப்பது. நகைக்கடன் வாங்கிய குடும்பங்களுக்கு விளக்கம் தேவையில்லை. ரஷ்ய மொழியில் இதற்கு உள்ள 'இஸ்குப்லேனியே' என்ற சொல்லும் 'வாங்குதல்' என்ற வினையிலிருந்து வந்ததுதான்.

• இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஐந்து நிமிடம் தலையைக் கொடுத்து நின்றால் எல்லாம் கழுவிப் போய்விடும் என்று நம்முடைய சனம் நம்புகிறது. ரஷ்ய நாவலில் அருவி இல்லை, அடகுக்கடை இருக்கிறது. தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலின் முதல் அத்தியாயமே அடகுக்கடையில்தான் நடக்கிறது. கதைத் தலைவன் தன் தந்தையின் பழைய வெள்ளிக் கடிகாரத்தை அடகு வைக்கப் போகிறான். பொருளை மீட்க வட்டியோடு காலமும் ஆகும். அந்தக் காலத்தின் கதைதான் நாவல்.

• குற்றாலம் என்ற பெயருக்கும் குற்றத்துக்கும் தொடர்பில்லை. குறு + ஆல், அதாவது சிறிய ஆலமரம் என்பதே சொல்லப்படும் பொருள். வேடிக்கையாகச் சொல்லவில்லை, இதைத் தவறாக எழுதிய விடைத்தாளைப் பார்த்திருக்கிறேன்.

தென்காசியின் பங்கு

• தென்காசி மாவட்டம்: 2019 நவம்பர் 22, திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. மாநிலத்தின் 33-ஆவது மாவட்டம்.

• டால்ஸ்டாயின் 'வார் அண்ட் பீஸ்' நாவலைத் தமிழாக்கியவர் டி. எஸ். சொக்கலிங்கம். பிறந்த ஊர் தென்காசி, ஆண்டு 1899.

• 1933-இல் 'மணிக்கொடி' இதழைத் தொடங்கிய மூவர்: கே. சீனிவாசன், வ. ராமசாமி (வ. ரா.), டி. எஸ். சொக்கலிங்கம். இதற்கு முன் அவர் நடத்தியது 'காந்தி' என்ற காலணா இதழ்.

• 'தினமணி' தொடங்கிய நாள் 1934 செப்டம்பர் 11, பாரதியார் நினைவு நாள். முதல் ஆசிரியர் சொக்கலிங்கம். 1943-இல் அவர் விலகியபோது உடன் வெளியேறியவர்களில் புதுமைப்பித்தனும் ஒருவர். அடுத்து 1944-இல் வந்தது 'தினசரி'.

• 1937 தேர்தலில் தென்காசியிலிருந்து சென்னை மாகாண சட்டமன்றத்துக்குப் போனவரும் இவரே. பத்திரிகையாளர், சட்டமன்ற உறுப்பினர், மொழிபெயர்ப்பாளர் என்று மூன்று கோணத்தில் கேள்வி வரலாம்.

• இனி, எந்த வழிகாட்டி நூலும் சேர்த்து வைக்காத ஒரு செய்தி. 1911-இல் கலெக்டர் ஆஷ் கொல்லப்பட்ட வழக்கில் கைதானவர்களில் தென்காசி மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை ஒருவர். அவர் சொக்கலிங்கத்தின் அண்ணன். தம்பிக்கு அப்போது வயது 12. இந்தத் தம்பி வளர்ந்து தமிழாக்கிய நாவலில் பியேர் பெசுகோவ் என்றொரு பாத்திரம் வருகிறான். 1812-இல் மாஸ்கோ எரிந்துகொண்டிருக்கும்போது நெப்போலியனைக் கொல்லும் எண்ணத்தோடு நகரத்திலேயே தங்கிவிடுகிறான். கடைசியில் யாரையும் கொல்லவில்லை. தீயிலிருந்து ஒரு சிறுமியைத் தூக்கி வருகிறான், பிரெஞ்சுப் படையிடம் பிடிபடுகிறான். அண்ணனைச் சிறைக்கு அனுப்பிய வீட்டில் இருந்து வந்தவர் இந்தப் பக்கங்களைத் தமிழில் எழுதும்போது பேனா ஒரு நிமிடமாவது நின்றிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம், விடைத்தாளில் எழுத வேண்டாம்.

• ஒப்பிட்டு நினைவில் வைக்க: பியேர் நெப்போலியனைக் கொல்ல நினைத்தவன். 'குற்றமும் தண்டனையும்' கதைத் தலைவன் ரஸ்கோல்னிகோவ் நெப்போலியனாக ஆக நினைத்தவன்.

தஸ்தயெவ்ஸ்கி: வாழ்க்கைக் குறிப்பு

• பிறப்பு 1821 நவம்பர் 11, மாஸ்கோ. இறப்பு 1881 பிப்ரவரி 9, பீட்டர்ஸ்பர்க் (இரண்டும் புதிய நாட்காட்டிப்படி).

• 1849: பெத்ரஷெவ்ஸ்கி குழுவைச் சேர்ந்தவர் என்று கைது. முக்கியக் குற்றச்சாட்டு, விமர்சகர் பெலின்ஸ்கி கோகோலுக்கு எழுதிய தடைசெய்யப்பட்ட கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தது. நாவலாசிரியர் ஒருவருக்கு மரண தண்டனை கிடைத்தது ஒரு கடிதத்தை உரக்கப் படித்ததற்காக.

• 1849 டிசம்பர் 22 (பழைய நாட்காட்டி): செம்யோனொவ்ஸ்கி திடலில் சுட்டுக் கொல்வதற்காக நிறுத்தப்பட்டார்கள். முதல் மூவரைக் கம்பத்தில் கட்டியும் ஆயிற்று. தஸ்தயெவ்ஸ்கி அடுத்த வரிசை. அந்த நேரத்தில் ஜார் முதலாம் நிக்கலாஸின் மன்னிப்பு வாசிக்கப்பட்டது. மன்னிப்பு முன்கூட்டியே முடிவானது, திடலில் நடந்தது நாடகம்.

• தண்டனை: ஓம்ஸ்க் சிறையில் 4 ஆண்டு கடுங்காவல், பிறகு செமிபலாத்தின்ஸ்கில் படைவீரராகப் பணி. சிறை அனுபவம் 'மரண வீட்டின் குறிப்புகள்' ஆயிற்று (1861–62).

• வரிசை: நிலவறைக் குறிப்புகள் 1864, குற்றமும் தண்டனையும் 1866, அசடன் 1868–69, பேய்கள் 1871–72, கரமசோவ் சகோதரர்கள் 1879–80.

• 'சூதாடி' நாவல் 1866 அக்டோபரில் 26 நாளில் முடிந்தது. சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்தவர் அன்னா ஸ்னித்கினா. 1867 பிப்ரவரியில் இருவருக்கும் திருமணம்.

• மிகயில் பக்தின்: தஸ்தயெவ்ஸ்கி பற்றிய நூல் 1929, திருத்திய பதிப்பு 1963. கோட்பாடு: பல்குரல் தன்மை. ஆசிரியரின் குரல் மற்றப் பாத்திரங்களின் குரலை அடக்காது என்பது சுருக்கம். ஃபிராய்டின் கட்டுரை (தந்தைக் கொலை பற்றியது) 1928.

குற்றமும் தண்டனையும்: மதிப்பெண் தரும் இடங்கள்

• வெளியீடு: 1866, 'ருஸ்கி வெஸ்த்னிக்' இதழில் தொடராக. அமைப்பு: 6 பாகங்கள், ஒரு முடிவுரை.

• தலைப்பிலுள்ள 'பிரெஸ்துப்லேனியே' என்ற ரஷ்யச் சொல்லின் நேர்ப்பொருள் 'தாண்டிச் செல்லுதல்'. வரம்பு மீறுதல் என்று நாம் சொல்வதற்கு மிக அருகில் இருப்பது. 'குற்றம்' என்ற மொழிபெயர்ப்பில் அந்தக் கால்வைப்பு தெரிவதில்லை. ரஸ்கோல்னிகோவ் என்ற பெயரில் உள்ள 'ரஸ்கோல்' என்றால் பிளவு.

• கதை: பணமில்லாமல் சட்டப் படிப்பை விட்ட 23 வயது இளைஞன் ரோடியன் ரஸ்கோல்னிகோவ். வட்டிக்கடைக் கிழவி அல்யோனா இவானொவ்னாவைக் கோடரியால் கொல்கிறான். அந்த நேரத்தில் உள்ளே வந்துவிட்ட அவள் தங்கை லிசாவெத்தாவையும் கொல்கிறான். தங்கை அவனுடைய திட்டத்தில் இல்லாதவள், யாருக்கும் தீங்கு செய்யாதவள்.

• அவன் அறையிலிருந்து கிழவி வீட்டுக்கு 730 காலடி. எண்ணி வைத்திருந்தான். இந்த எண்ணைக் கேட்காத வினாத்தாள் அமைப்பாளரை நான் மன்னிக்க மாட்டேன்.

• எடுத்த பணப்பையை ஒரு முற்றத்தில் கல்லுக்கு அடியில் புதைத்தான். திறந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளே 317 ரூபிள் 60 கோபெக் இருந்தது என்பது விசாரணையின்போதுதான் தெரிகிறது. பணத்துக்காகக் கொன்றவன் பணத்தை எண்ணவே இல்லை! தீர்ப்பில் இது அவனுக்குச் சாதகமாயிற்று.

• கொள்கை: அசாதாரண மனிதர்களுக்கு வரம்பைத் தாண்ட உரிமை உண்டு. கொலைக்கு முன்பே 'குற்றம் பற்றி' என்று ஒரு கட்டுரை எழுதியிருக்கிறான். விசாரணை அதிகாரி போர்ஃபிரி பெத்ரோவிச் அதைப் படித்தவர். கைரேகை, சாட்சி எதுவும் கையில் இல்லாமல் ஒரு கட்டுரையை வைத்தே ஆளைப் பிடிக்கும் அதிகாரி. சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்குப் படிக்கும் தம்பிகள் இந்தப் பாத்திரத்தையாவது படிக்கலாம்.

• கொலை நடப்பது முதல் பாகம், 7-ஆம் அத்தியாயம். நீதிமன்றத் தண்டனை முடிவுரையில், சில பக்கங்கள். அப்படியானால் இடையில் உள்ள ஐந்து பாகங்கள் எதற்கு? தலைப்பில் உள்ள 'தண்டனை' அந்த ஐந்து பாகங்கள்தான். காய்ச்சல், மயக்கம், தாயின் கையைத் தொடக் கூசுவது, தங்கையோடு கண்ணைப் பார்த்துப் பேச முடியாதது. கத்தரிக்கோலால் எல்லோரிடமிருந்தும் தன்னை வெட்டிக்கொண்டது போல உணர்கிறான். குற்றவுணர்வு அவனுக்கு முதலில் வருத்தமாக வரவில்லை, உறவு அறுந்துபோனதாக வருகிறது. விரிவான விடையில் இந்த ஒரு கருத்தை எழுதினால் போதும்.

• மூன்று வணக்கங்கள் (நினைவில் வைக்க எளிய வழி): ஒன்று, 4-ஆம் பாகத்தில் மர்மெலாதோவின் மகள் சோனியாவின் காலில் விழுகிறான். உனக்கு அல்ல, மனிதர் படும் துன்பம் முழுவதற்கும் விழுந்தேன் என்கிறான். இரண்டு, 6-ஆம் பாகத்தில் வைக்கோல் சந்தைத் திடலில் மண்டியிட்டு மண்ணை முத்தமிடுகிறான். அப்படிச் செய்யச் சொன்னவள் சோனியா. சுற்றி நின்றவர்கள் குடிகாரன் என்று சிரிக்கிறார்கள். நானே கொன்றேன் என்று சொல்ல வேண்டிய வாக்கியம் அப்போது வாயில் வரவில்லை. மூன்று, முடிவுரையில், சைபீரிய ஆற்றங்கரையில், மறுபடி சோனியாவின் காலடியில். இந்தமுறை வாதம் எதுவும் இல்லை, அழுகை மட்டும்.

• தென்காசியில் காசி விசுவநாதர் கோயில் (தொடக்கம் 1446) கட்டிய பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டில் ஒரு செய்தி உண்டு. இந்தக் கோயிலை வருங்காலத்தில் பேணிக் காப்பவர் யாராக இருந்தாலும் அவர் காலில் இப்போதே விழுகிறேன் என்கிறான் அரசன். பார்த்திராத மனிதருக்கு விழும் வணக்கம். ரஸ்கோல்னிகோவின் முதல் வணக்கத்துக்கு நம் ஊரில் துணை தேடினால் எனக்கு இதுதான் அகப்படுகிறது. பாண்டியனிடம் குற்றவுணர்வு இல்லை, கவலை இருக்கிறது. அந்த வேறுபாட்டையும் சேர்த்து எழுதுங்கள்.

• துணைப் பாத்திரங்கள், வேகமாக: மர்மெலாதோவ் (சோனியாவின் தந்தை, குடிகாரர், வண்டியில் அடிபட்டு இறப்பவர்), ரசுமிகின் (நண்பன்), துனியா (தங்கை), லூஷின் (துனியாவுக்குப் பேசிய மாப்பிள்ளை), ஸ்விட்ரிகைலோவ் (தற்கொலை செய்துகொள்பவன்), மிக்கோல்கா (செய்யாத கொலையை ஒப்புக்கொள்ளும் பெயின்டர்). மிக்கோல்காவுக்குத் துன்பத்தை ஏற்க வேண்டும் என்ற ஆசை. கொன்றவன் ஒப்புக்கொள்ள மறுக்கும்போது கொல்லாதவன் முந்திக்கொள்கிறான்.

• தண்டனைக் காலம்: 8 ஆண்டு. அடிக்கடி குழப்பம் வரும் எண்: தஸ்தயெவ்ஸ்கி சிறையில் இருந்தது 4, ரஸ்கோல்னிகோவுக்கு 8.

டால்ஸ்டாய்: புத்துயிர்ப்பு

• பிறப்பு 1828, யாஸ்னயா பொல்யானா. இறப்பு 1910 நவம்பர் 20, அஸ்தாபொவோ ரயில் நிலையம்.

• 'புத்துயிர்ப்பு' 1899-இல் 'நீவா' இதழில் வந்தது. கதைக்கரு தந்தவர் சட்ட அறிஞர் கோனி. படம் வரைந்தவர் லியோனித் பாஸ்டர்னாக், நோபல் பரிசு பெற்ற போரிஸ் பாஸ்டர்னாக்கின் தந்தை. வருமானம் துகோபோர் என்ற சமயப் பிரிவினர் கனடாவுக்குக் குடிபெயரப் பயன்பட்டது. 1901-இல் ரஷ்யத் திருச்சபை டால்ஸ்டாயை விலக்கியது.

• கதை: நெஹ்லூதவ் என்ற பிரபு ஜூரியாக நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறான். கொலைக் குற்றம் சாட்டப்பட்டு நிற்பவள் கத்யூஷா மாஸ்லவா, அவன் இளமையில் கெடுத்துக் கைவிட்டவள். ஜூரிகள் ஒரு வாசகத்தை எழுத மறந்ததால் அவளுக்கு 4 ஆண்டு கடுங்காவல் கிடைக்கிறது. குற்றவாளி நீதிபதியின் பக்கம் உட்கார்ந்திருக்கும் இந்த ஏற்பாடுதான் நாவலின் பலம்.

• அவன் திருமணம் செய்துகொள்கிறேன் என்கிறான். அவள் மறுக்கிறாள், சீமன்சன் என்ற அரசியல் கைதியுடன் வாழ முடிவு செய்கிறாள். இந்த மறுப்பைத் தேர்வர்கள் கவனிப்பதில்லை. தீங்கு செய்தவன் தன் மீட்சிக்குத் தீங்கு பட்டவளையே படிக்கட்டாக்க முடியாது என்று டால்ஸ்டாய் அவள் வாயால் சொல்ல வைத்திருக்கிறார்.

• 'ஓர் இந்துவுக்குக் கடிதம்': 1908 டிசம்பர், தாரக்நாத் தாஸுக்கு எழுதியது. திருக்குறள் மேற்கோள் இடம்பெற்ற கடிதம் என்பதால் தமிழ்த் தேர்வர்களுக்கு இது முக்கியம். தென்னாப்பிரிக்காவில் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் வெளியிட்டவர் காந்தி. டால்ஸ்டாய் பண்ணை 1910, ஜோகன்னஸ்பர்க் அருகே 1,100 ஏக்கர், நிலம் தந்தவர் காலன்பாக்.

• மற்றவை, ஒரே வரியில்: 'இவான் இலியிச்சின் மரணம்' 1886, செகாவின் 'பந்தயம்' 1889, சகலின் தீவுப் பயணம் 1890, 'ஆறாவது வார்டு' 1892.

தமிழில் முன்பே இருந்தது என்ன?

• சிலப்பதிகாரம்: தீர்ப்பு தவறு என்று தெரிந்த கணத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையிலேயே உயிர் விடுகிறான், தேவியும் உடன் மாய்கிறாள். பொற்கைப் பாண்டியன் தன் கையைத் தானே வெட்டிக்கொள்கிறான் (கீரந்தை மனைவி கதை, கட்டுரை காதை).

• இரண்டிலும் குற்றத்துக்கும் தண்டனைக்கும் நடுவே நேரமே இல்லை. நெடுஞ்செழியனுக்கு ஐந்து பாகங்கள் கொடுத்திருந்தால்? மறுநாள் காலையில் எழுந்து அரசவைக்குப் போக வேண்டியிருந்தால்? அப்படி எழுதினால் அது காப்பியமாக இருக்காது, நாவலாகிவிடும்.

• அதிவீரராம பாண்டியன் (தென்காசிப் பாண்டியர், ஆட்சி 1564–1604): நைடதம், வெற்றிவேற்கை என்னும் நறுந்தொகை, காசி காண்டம். நைடதம் புலவர்க்கு ஔடதம் என்ற பழமொழி இதைப் பற்றியதே. நூலின் நாயகன் நளன் சூதில் நாட்டைத் தோற்றவன், நள்ளிரவில் காட்டில் மனைவியைத் தனியே விட்டுப் போனவன். குற்றம் பெரிது. ஆனால் பழி கலியின் தலையில் விழுகிறது. கலி நீங்கியதும் உருவமும் நாடும் மனைவியும் திரும்ப வந்துவிடுகின்றன. ரஸ்கோல்னிகோவும் சோனியாவிடம் இந்த வழியை முயன்று பார்க்கிறான். கிழவியைக் கொன்றது நானல்ல, சாத்தான் என்கிறான். சோனியா அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்வதில்லை. எழுந்துபோய் நாற்சந்தியில் நின்று உன் வாயால் சொல் என்கிறாள்.

செங்கோட்டை – மணியாச்சி – பாபநாசம்

• 1911 ஜூன் 17: மணியாச்சி சந்திப்பில் கலெக்டர் ராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷைச் சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டார். திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர்கள் 14 பேர்.

• வாஞ்சியை ரஸ்கோல்னிகோவுடன் ஒப்பிட்டு எழுத ஆசை வரும். எழுதாதீர்கள். ஒருவன் தன்னைப் பெரிய மனிதனாக நிரூபிக்கக் கொன்றவன், மற்றவர் தன்னை அழித்துக்கொள்ள முடிவு செய்துவிட்டு வந்தவர். அதோடு ரஷ்ய நாவலின் பெரும்பகுதி கொலைக்குப் பிறகுதான். வாஞ்சிக்கு அந்தப் 'பிறகு' சில நிமிடங்கள்.

• நீண்ட 'பிறகு' வாய்த்தவர் நீலகண்ட பிரம்மச்சாரி. பிறப்பு 1889, எருக்கூர் (சீர்காழி அருகே). ஆஷ் வழக்கில் முதல் குற்றவாளி, 7 ஆண்டுத் தண்டனை. 1922-இல் மறுபடி கைதாகி 1930 வரை சிறை. பிறகு துறவு, நந்தி மலையடிவாரத்தில் சத்குரு ஓங்கார் என்ற பெயரில் வாழ்வு, 1978-இல் மறைவு. இருபது வயதில் ரகசியச் சங்கம், எண்பதுக்கு மேல் ஆசிரமம். வரலாற்றை எழுதியவர் ரா. அ. பத்மநாபன். இந்த வாழ்க்கை தஸ்தயெவ்ஸ்கியிடம் கிடைத்திருந்தால் மூன்று தொகுதி எழுதியிருப்பார், முன்பணம் வாங்கிச் சூதாடியும் தீர்த்திருப்பார்.

• வ. வே. சு. ஐயர்: புதுச்சேரியில் வாஞ்சிக்குத் துப்பாக்கிப் பயிற்சி தந்தவர் என்று பாடநூல்கள் சொல்லும். காந்தியைச் சந்தித்தபின் அகிம்சை வழிக்கு வந்தவர். திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு 1916. சேரன்மாதேவி குருகுலம் நடத்தியவர். 1925 ஜூனில் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில், நீரில் விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் போய் இறந்தார். ஊர்ப் பெயர் பாபநாசம். நாவலாசிரியர் இப்படிப் பெயர் வைத்தால் செயற்கை என்று விமர்சகர் சொல்லியிருப்பார்.

• அவருடைய 'குளத்தங்கரை அரசமரம்' (1915) குற்றவுணர்வுக் கதைதான். பெற்றோரை ஏமாற்ற மறுமணத்துக்குச் சம்மதிப்பது போல நடித்த நாகராஜன், உண்மையை மனைவி ருக்மிணியிடம் சொல்லாமல் விட்டான். அவள் குளத்தில் உயிர் விட்டாள், அவன் சந்நியாசியானான். கதை சொல்வது மரம். மூலக்கரு தாகூரின் 'படித்துறையின் கதை'. ரஷ்யர்கள் நாகராஜனைத் தொடர்ந்து போயிருப்பார்கள். ஐயர் குளத்தங்கரையிலேயே நின்றுவிட்டார், மரத்துக்குக் கால் இல்லையே.

புதுமைப்பித்தன் முதல் எஸ். ராமகிருஷ்ணன் வரை

• புதுமைப்பித்தன் (1906–1948): ரஷ்ய எழுத்தாளர் குப்ரினின் நாவலைப் 'பலிபீடம்' என்று தமிழாக்கியவர்.

• 'சாபவிமோசனம்' 1943, கலைமகள். ராமன் பாதத் தூசியால் மீண்ட அகலிகை, பிறகு அதே ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேள்விப்படுகிறாள். மறுபடி கல்லாகிறாள். கோதமனும் அகலிகையும் மீட்சிக்குப் பிறகு சேர்ந்து வாழ முயன்று படும் சங்கடம்தான் கதையின் பெரும்பகுதி. தமிழில் ரஷ்ய நாவலுக்குச் சமமான உளவியல் ஆழம் கொண்ட ஒரே கதையைச் சொல்லுங்கள் என்றால் தயங்காமல் இதைச் சொல்வேன். மீட்சியைக் கொடுத்தவன் தரப்பில் ஓட்டை இருந்தால் மீண்டவள் என்ன செய்வாள்? தஸ்தயெவ்ஸ்கி இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சோனியாவிடம் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

• ரசிகமணி டி. கே. சி. (மறைவு 1954): வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூடல், குற்றால வாழ்வு, 'கம்பர் தரும் இராமாயணம்'. ராஜாஜியும் கல்கியும் குற்றாலத்துக்கு அவரைத் தேடி வந்தவர்கள். கம்பனின் அகலிகையை வட்டத்தொட்டி கொண்டாடிய அதே காலத்தில், அதே நெல்லைச் சீமைக்காரர் ஒருவர் அவளைத் திரும்பக் கல்லாக்கினார்.

• ஜெயகாந்தன்: 'அக்கினிப் பிரவேசம்' 1966, ஆனந்த விகடன். தாய் மகள் தலையில் தண்ணீர் ஊற்றி நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். இது கழுவாய். தாய் அப்படிச் செய்யாமல் கத்தி ஊரைக் கூட்டியிருந்தால் என்ற கேள்வியில் பிறந்தது 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (சாகித்திய அகாதெமி விருது 1972). இது மீட்பு, வட்டி ஏறிக்கொண்டே போகும் வகை. ஒரே எழுத்தாளர் இரண்டு வழியையும் எழுதிப் பார்த்தார். ரஷ்ய அரசின் நட்புறவு விருது பெற்றவர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

• எஸ். ராமகிருஷ்ணன்: 'மண்டியிடுங்கள் தந்தையே', டால்ஸ்டாயை நாயகனாக்கிய நாவல். திருமணத்துக்கு முன் அக்ஸின்யா என்ற பண்ணைப் பெண்ணிடம் அவருக்குப் பிறந்த மகன் திமோஃபி. தந்தை அவனை மகனாக ஏற்கவில்லை. 'புத்துயிர்ப்பு' எழுதிய கைக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கணக்கு இது.

தமிழாக்கங்கள் (பொருத்துக வகைக்கு)

• குற்றமும் தண்டனையும், அசடன் – எம். ஏ. சுசீலா (மதுரை, 2007, 2011)
• கரமசோவ் சகோதரர்கள் – புவியரசு
• அன்னா கரீனினா – நா. தர்மராஜன்
• புத்துயிர்ப்பு, வெண்ணிற இரவுகள் – ரா. கிருஷ்ணையா

அடிக்கடி தப்பும் இடங்கள்

• கரமசோவ் நாவலில் தந்தையைக் கொன்றவன் ஸ்மெர்த்யகோவ். தண்டனை பெறுபவன் திமித்ரி (20 ஆண்டு). கொலையை மனத்தால் விரும்பியவன் இவான், பைத்தியமாகிறவனும் அவனே. அல்யோஷா இளையவன். துறவி ஸோசிமா திமித்ரியின் முன் தரையில் விழுந்து வணங்குவது கொலைக்கு முன்பு, பின்பு அல்ல.

• ரஸ்கோல்னிகோவ் மனம் திருந்துவது எப்போது? பத்தில் எட்டுப் பேர் காவல் நிலையத்தில் ஒப்புக்கொள்ளும்போது என்று எழுதுவார்கள். தவறு. ஒப்புக்கொண்டபோதும் சிறைக்குப் போனபோதும் அவன் வருந்தவில்லை. தோற்றுப்போனதுதான் தன் குற்றம் என்றே நினைக்கிறான், சக கைதிகள் அவனை வெறுக்கிறார்கள். ஏறத்தாழ ஓர் ஆண்டு சைபீரியாவில் கழிந்து, நோயில் விழுந்து எழுந்த பின்பே மாற்றம், அதுவும் முடிவுரையின் கடைசிப் பக்கங்களில். இன்னும் 7 ஆண்டு பாக்கி.

• லாசரஸ் உயிர்த்தெழும் பகுதி (யோவான் 11) வாசிக்கப்படுவது 4-ஆம் பாகம், சோனியாவின் அறை, எரிந்து தீரப்போகும் மெழுகுவர்த்தி வெளிச்சம். வாசிப்பவள் சோனியா, கேட்டு வாங்குபவன் அவன்.

• அதே புதிய ஏற்பாடு முடிவுரையில் சிறையில் அவன் தலையணைக்கு அடியில் இருக்கிறது. கையில் எடுக்கிறான், திறக்கவில்லை. திறந்து படித்தான் என்று எழுதினால் மதிப்பெண் இல்லை.

• அந்தப் புத்தகத்தைச் சோனியாவுக்கு முதலில் கொண்டுவந்து கொடுத்தவர் யார்? விடை: லிசாவெத்தா. அவன் கொன்ற இரண்டாவது பெண்.